கொவிட் பேட்ச் லேசா பாஸ் பண்ணின பேட்சா?

கேள்வி: ஓ.எல் எழுதப்போற தம்பி ஒராள்
2024 பெப்ரவரி 4

வாற மே மாசம் எங்களுக்கு ஓ.எல், பதினொராம் ஆண்டுச் சோதினை. வீட்ட எல்லாரும் 2020 பேட்ச் அக்காமாரக் காட்டித்தான் ஏச்சு. கொரோனாக்குள்ளயும் அவங்க எப்பிடிப் படிச்சாங்க பார், உனக்கென்ன குறை எண்டு. எனக்கெண்டா அந்த பேட்ச்தான் லேசா பாஸ் பண்ணின பேட்ச். ஸ்கூல் இல்ல, வீட்ட இருந்து ஒன்லைன்ல படிச்சு, பிரக்டிகல் கூட இல்லாம மார்க்ஸ் எடுத்த ஆக்கள். நாங்கதான் எட்டாம் ஆண்டும் ஒன்பதாம் ஆண்டும் ஒண்டும் படிக்காம இப்ப பதினொண்டு எழுதப்போறம். உண்மையில ஆருக்கு நட்டம்? அந்த பேட்ச் ஆக்கள் ஆராவது இருந்தா சொல்லுங்க.

2024 பெப்ரவரி 4, இரவு 9.15

நான் அந்த பேட்ச்தான் தம்பி. போன கிழமைதான் ஏ.எல், பதின்மூண்டாம் ஆண்டுச் சோதினை, எழுதி முடிச்சன், இன்னும் நித்திரை கூட சரியாக் கொள்ளல்ல, அதுக்குள்ள நீ வந்து லேசா பாஸ் எண்டுறாய். என்ட கூட்டாளி ஒருத்தி விவசாய விஞ்ஞானம் எடுத்தவள், அந்த பேப்பர் முந்தியே வெளியாகிட்டு எண்டு ரத்துப்பண்ணி 1ம் திகதி திருப்பி எழுதவெச்சாங்க. எங்கட பேட்ச்சுக்கு ஒரு சோதினையும் நேரத்துக்கு நடந்த சரித்திரம் இல்ல. 2020 டிசம்பர்ல வர வேண்டிய ஓ.எல் 2021 மார்ச் 1ம் திகதிதான் தொடங்கிச்சு. ரிசல்ட் வந்தது செப்டம்பர் கடைசியில. 2023 ஏ.எல் 2024 ஜனவரில. பதினேழு வயசு எண்டு ஒண்டு வந்து போனதே எனக்குத் தெரியா.

பிரக்டிகல் நடக்கல்ல, அது உண்மை. சங்கீதம், நடனம், நாடகம் எடுத்த ஆக்களுக்கு எழுத்துப் பேப்பர வெச்சுத்தான் ரிசல்ட் போட்டாங்க. ஆனா அது லாபமெண்டு ஆர் உனக்குச் சொன்ன? எங்கட வகுப்புல நடனம் எடுத்த ஒருத்தி எழுத்துல தடுமாறுவாள், ஆனா மேடையில ஏறினா டீச்சரே வாயப் பொளந்து பாத்துட்டு நிப்பாங்க. அவள்ட மார்க்ஸ் முழுக்க கால்ல கிடந்தது. அத ஆரும் கேக்கவே இல்ல. சி ஒண்டோட போனாள்.

ஒன்லைன் கதைக்கு மறுகா வாறன். இடி இடிக்குது, அம்மா ரவுட்டர கழட்டச் சொல்லிக் கத்துறா.

2024 பெப்ரவரி 4, இரவு 11.40

நித்திரை வரல்ல. அந்த ஒரு வரிதான் மண்டைக்குள்ள நிக்குது. "வீட்ட இருந்து ஒன்லைன்ல படிச்சு."

ஆர் படிச்ச? நாங்க மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரை ஆக்கள், மண்டூர்ப் பக்கம். எங்கட வகுப்புல பாதிக்கு மேல வீட்ட இருந்தது பட்டன் போன். எங்கட வீட்ட ஒரு டச் போன் இருந்தது எண்டா அது அண்ணன் கட்டாருக்குப் போய் முதல் வருசம் அனுப்பினது, டிஸ்ப்ளே ஒரு மூலையில உடைஞ்சு, சார்ஜர் வயர ஒரு பக்கமா வளைச்சு புத்தகத்தால அமத்தி வெச்சாத்தான் ஏறும். அந்த போன் அம்மாட. ராவைக்கு அண்ணன் எடுப்பான் எண்டு பகல்ல டேட்டாவ முடிக்க விடமாட்டா. அதுல நான் பதினொராம் ஆண்டு, என்ட தம்பி முதலாம் ஆண்டு, ரெண்டு பேருக்கும் வட்ஸ்அப் குறூப். இதத்தான் நீங்க எல்லாரும் ஒன்லைன் படிப்பு எண்டுறீங்க.

2024 பெப்ரவரி 5

காலையில எழும்பிப் பாத்தா கீழ கன பேர் திகதி கேட்டு சண்டை. எங்களுக்கு எப்பிடிப் போச்சு எண்டு சொல்றன், ஏனெண்டா எல்லாரும் ரெண்டு வருசம் ஒரேயடியா பூட்டிக் கிடந்தது மாதிரி எழுதுறீங்க. அப்பிடி இல்ல. திறந்து பூட்டி, திறந்து பூட்டி. அதுதான் இன்னும் மோசம்.

2020 மார்ச் 12 வியாழக்கிழமை பின்னேரம் நியூஸ்ல சொன்னாங்க, 13ல இருந்து ஸ்கூல் இல்ல எண்டு. அதுக்கு ரெண்டு நாளைக்கு முந்தித்தான் கொரியா, இத்தாலில இருந்து வந்த ஆக்கள பஸ்ஸுல புணானை தனிமைப்படுத்தல் முகாமுக்குக் கொண்டுவந்தவங்க, எங்கட மாவட்டம் முழுக்க அந்தக் கதைதான், வருத்தத்தக் கொண்டுவந்து எங்கட தலையில கட்டுறாங்க எண்டு. எங்களுக்கெண்டா உள்ளுக்குள்ள சந்தோசம். தவணைச் சோதினை இல்லாமப் போச்சே. 20ம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு. ஜூலை 6ம் திகதி பதினொராம் ஆண்டுக்குத் திறந்தாங்க, ஒரு கிழமையில கந்தக்காடு புனர்வாழ்வு முகாமுல கொரோனா பரவி திருப்பிப் பூட்டு, மாசக் கடைசியில திற. ஒக்டோபர் முதல் கிழமை மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில பரவினதோட திருப்பிப் பூட்டு. நவம்பர் 23ல திறந்த சூட்டோட அக்கரைப்பற்றுச் சந்தையில பரவி அந்தப் பக்கத்தயே தனிமைப்படுத்தினாங்க, வருசம் மாறுற நேரம் காத்தான்குடியும் அப்பிடித்தான்.

ஒவ்வொரு தரமும் திறக்கிற நேரம் சேர் "எங்க விட்டம்?" எண்டு கேட்டுத்து விட்ட இடத்துக்கு ரெண்டு பாடம் முந்தி இருந்து தொடங்குவார். அந்த இடத்துக்கு வந்து சேர முதல் பூட்டுவாங்க. விஞ்ஞானத்துல அமிலம் காரம் மட்டும் எத்தின தரம் படிச்சம் எண்டு கணக்கே இல்ல. கடைசி யூனிட்டுகள் கண்ணால கண்டதே இல்ல.

2024 பெப்ரவரி 5, பின்னேரம்

கொழும்புல இருக்கிற ஒரு அண்ணா கேக்கிறார், ஈ-தக்சலாவ எண்ட அரசாங்கப் பாட வெப்சைட் இருந்ததே, நேத்ரா டிவில பாடம் போனதே, மனமிருந்தா இடமிருக்கும் எண்டு.

அண்ணா டிவில பாடம் போனது சரி. நானும் பாத்தன். டிவில வாற சேரிட்ட "சேர் விளங்கல்ல" எண்டு சொன்னா நிப்பாட்டுவாரா? நான் என்ன சொல்றன் எண்டா, எங்கட பக்கம் அந்த வருசம் உண்மையில நடந்த படிப்பு டிவிலயும் இல்ல போன்லயும் இல்ல. பேப்பர்ல நடந்தது. அதப்பத்தி ஒருத்தரும் எழுதல்ல, ஏனெண்டா எழுதுற ஆக்கள் எல்லாம் ஸூம்ல இருந்த ஆக்கள்.

ஊர்ல ஒரு கொமினிகேசன் இருக்கு. ஒரு மெசின், ஒரு கொம்பியூட்டர், ரீலோட், பாஸ்போட் சைஸ் படம், செத்த வீட்டு நோட்டீஸ், எல்லாம் அங்கதான். களுவாஞ்சிகுடியில இருந்த எங்கட கணக்கு சேருக்கு இக்கரைக்கு வர வழியில்ல, பாதை எண்டுற வாவி கடக்கிற படகு ஏறி வாறதெண்டா ஊரடங்குக்குள்ள எப்பிடி? அவர் கையால எழுதி போன்ல படமெடுத்து அந்த அண்ணனுக்கு அனுப்புவார். ஒவ்வொரு படத்துலயும் கீழ் மூலையில சேர்ட பெருவிரல் நகம் தெரியும். நிழல் விழுந்த பக்கம் பிரிண்ட்ல கறுப்பா வரும், அந்தக் கறுப்புக்குள்ளதான் எப்பயும் கடைசிக் கேள்வி கிடக்கும். நாங்க அத வெயில்ல பிடிச்சு சரிச்சு சரிச்சு வாசிப்பம்.

இனித்தான் விசயம். அந்த ட்யூட், அதான் பிரிண்ட் அடிச்ச பாடத் தாள், உள்ளுக்குள்ள இருக்கிற வீடுகளுக்கு எப்பிடிப் போகும்? வயல் பக்கம் மாட்டுப் பட்டி வழிய இருக்கிற பிள்ளைகள் இருக்காங்க, அங்க கடை கண்ணி ஒண்டும் இல்ல. பால் எடுக்கிற மோட்டர்சைக்கிள்காரர்ட்ட ஊரடங்கு பாஸ் இருந்தது. காலையில வெறும் கானோட போற நேரம் கொமினிகேசன் அண்ணன் ட்யூட்டக் கட்டி, பேர் எழுதி, கானுக்குப் பின்னால சொருகி விடுவார். மறுநாள் விடை எழுதின பேப்பர் அதே வழியா வரும். பால் பட்டு ஓரமெல்லாம் விறைச்சுப்போய், லேசா புளிச்ச மணம். சேர் பிறகு சொல்லுவார், ஆர்ட பேப்பர் எண்டு மணத்துலயே தெரியும் எண்டு.

காசு? கொப்பில எழுதுவார். அப்பா அரசாங்கம் குடுத்த அஞ்சாயிரத்துல அரிசி எடுத்து மிச்சத்த அங்கதான் கொண்டுபோய்க் கட்டினவர். இன்னும் எழுதிக் கிடக்கிற ஆக்கள் இருக்காங்க, அவர் கேக்கிறதும் இல்ல.

2024 பெப்ரவரி 6

ஒராள் "அப்ப சிக்னலே இல்லையா உங்கட ஊர்ல" எண்டு. இருக்கு. குளக்கட்டுக்கு ஏறினா ரெண்டு கோடு வரும். ஆனா அஞ்சரை மணிக்குப் பிறகு அங்க ஆனை இறங்கும். டியூசன் சேர்மார் ஸூம் வைக்கிறது ஆறு மணிக்கு. இதுல எத நீங்க தெரிவு செய்வீங்க எண்டு நான் கேக்கல்ல.

ஒருநாள் எங்கட வகுப்புப் பொடியன் ஒருத்தன் கட்டுல நிண்டு வரலாறு டீச்சர்ட கிளாஸ்ல இருந்தவன். டீச்சர் பொலன்னறுவைக் காலம் போய்க்கொண்டிருக்கிறா. திடீரெண்டு இவன் "ஆனை ஆனை" எண்டு கத்துறான், மைக் ஓனில. டீச்சர் "ஓம் மகன், பராக்கிரமபாகுட படையில ஆனையும் இருந்தது" எண்டு பாடத்தத் தொடர்ந்துட்டா. அவன் செருப்ப விட்டுட்டு ஓடித்தான். இத நான் கண்ணால காணல்ல, அவன் சொன்னது, கொஞ்சம் உப்புப் புளி போட்டிருப்பான். ஆனா செருப்பு இல்லாம வந்தத நான் கண்டன்.

2024 பெப்ரவரி 6, இரவு

மேல ஒரு சேர் எழுதியிருக்கிறார், ஆசிரியர்மாரப் பத்தி ஒரு வார்த்த நல்லதா எழுதல்லயே எண்டு. சேர், பெருவிரல் நகத்தக் கூட எழுதியிருக்கிறன் பாருங்க.

2021 ஜூலை 12ல இருந்து ஆசிரியர்மார்ட ஒன்லைன் பகிஷ்கரிப்பு நடந்த நேரம் எங்கட வீட்ட அப்பாவே ஏசினவர், பிள்ளைகள்ட படிப்புல விளையாடுறாங்க எண்டு. நான் அப்ப ரிசல்ட்டுக்குப் பாத்துட்டு இருந்த ஆள், எனக்கும் கோவம்தான். பிறகு யோசிச்சா, இருபத்திநாலு வருசமா இழுபட்ட சம்பள முரண்பாடு எண்டுறாங்க. மாசம் முழுக்க சொந்தக் காசுல டேட்டா போட்டுப் படிப்பிச்ச ஆக்கள்தானே. கொமினிகேசனுக்கு அனுப்பின படத்துக்கெல்லாம் ஆர் அவருக்குக் காசு குடுத்த? ஆனா சேர், எனக்கு இன்னொண்டும் தெரியும். அந்த மூணு மாசம் பள்ளிக்கூட குறூப் செத்துக் கிடந்த நேரம் காசு குடுக்கிற டியூசன் ஸூம் ஒருநாளும் நிக்கல்ல. காசு இருந்த பிள்ளைக்கு பகிஷ்கரிப்பே நடக்கல்ல. இத எந்தப் பக்கத்துல போடுறது எண்டு எனக்கு இன்னும் விளங்கல்ல, ரெண்டு பக்கமும் நியாயம் கிடக்கு.

2024 பெப்ரவரி 7

வகுப்பு குறூப் எண்டவுடன ஞாபகம் வந்திச்சு. என்ட தம்பிட முதலாம் ஆண்டு குறூப்புல பாடம் வந்தத விட காலை வணக்கம் போட்ட பிள்ளையார் படம்தான் கூட. ஒரு அப்பா ஒவ்வொரு நாளும் வலம்புரிச் சங்கு வீடியோ. அம்மாட டேட்டா அதுலயே முடிஞ்சிரும். டீச்சர் "தயவுசெய்து பாடத்தைத் தவிர வேறு ஒன்றும் இட வேண்டாம்" எண்டு போட்டா, அதுக்குக் கீழ இருபது பேர் கும்பிடுற கை.

2024 பெப்ரவரி 9

கேள்வி கேட்ட தம்பி திருப்பி வந்து சண்டை பிடிக்கிறான், "அக்கா நீங்க சொல்றது எல்லாம் போன் இல்லாத கதை, 2020க்கு முதல் நீங்க ஒழுங்கா பத்தாம் ஆண்டு படிச்சீங்கதானே" எண்டு.

ஒழுங்காவா? நாங்க பத்தாம் ஆண்டு படிச்சது 2019. அந்த வருசம் ஏப்ரல் 21 ஈஸ்டர் அண்டைக்கு குண்டு வெடிச்சு என்ன நடந்தது எண்டு மட்டக்களப்பு ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல. சீயோன் தேவாலயத்துக்குப் போன பிள்ளைகள்ட படங்கள் பேப்பர்ல வந்த நேரம் உனக்கு என்ன வயசு? இரண்டாம் தவணை பிந்தித் தொடங்கி, தொடங்கியும் பிள்ளைகள விடப் பயந்து கன நாள் அரைவாசி வாங்கு வெறுமைதான். அம்மாமார் முறை வெச்சு கேற்றில நிண்டு பேக் செக் பண்ணினாங்க. சாப்பாட்டுப் பெட்டியத் திறந்து பாக்கிற, புத்தகத்தத் தட்டிப் பாக்கிற. அடுத்த வருசம் அதே கேற்றில அதே அம்மாமார் நெத்தியில சூடு பாக்கிற மெசினோட. எங்கட அம்மா நக்கலாச் சொல்லுவா, இந்த ரெண்டு வருசம் கேற்றில நிண்டதுக்கு எனக்கும் ஒரு ஓ.எல் சேட்டிபிகட் தரலாம் எண்டு.

2024 பெப்ரவரி 9, பிறகு

இத எழுதுறதா விடுறதா எண்டு யோசிச்சன். எழுதுறன்.

எங்களோட களுவாஞ்சிகுடி டியூசனுக்கு மருதமுனையில இருந்து வந்த ஒரு கூட்டாளி இருந்தாள். 2020 டிசம்பர்ல அவள்ட மூத்தவாப்பா ஆஸ்பத்திரியில மௌத்தானார், கொவிட் எண்டு சொல்லி உடம்பக் குடுக்கல்ல, எரிச்சாங்க. அந்த வருசம் ஏப்ரல்ல போட்ட கெசட், கொவிட்ல செத்தா எரிக்கத்தான் வேணும் எண்டு. அவள் ரெண்டு கிழமை டியூசனுக்கு வரல்ல. வந்த நேரம் நாங்க ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்ல, கேக்கத் தெரியல்ல. அவள் நேரா வந்து விட்ட நோட்ஸ் எல்லாம் தா எண்டு வாங்கி எழுதத் தொடங்கிட்டாள்.

மறுகா 2021 மார்ச், எங்கட ஓ.எல் நடந்துகொண்டிருக்கு. 5ம் திகதி வெள்ளிக்கிழமை, ஓட்டமாவடி மஜ்மா நகர்ல முதன்முதலா அடக்க விட்டாங்க. அண்டைக்கு ராவு நான் அவளுக்கு அடுத்த பேப்பர் பத்தி ஒரு கேள்வி அனுப்பினன். அதுக்கு விடை அனுப்பிட்டு கீழ எழுதினாள்: "மூணு மாசம் பிந்திட்டு டி." அவ்வளவுதான். நான் என்ன அனுப்புறது எண்டு தெரியாம போன அம்மாட்டக் குடுத்திட்டன்.

லேசா பாஸ் பண்ணின பேட்ச் எண்டு இனி ஆராவது சொன்னா எனக்கு முதல்ல அவள்தான் ஞாபகம் வருவாள். அவள் 9 ஏ எடுத்தவள், அதையும் சொல்லிப்போட்டுப் போறன்.

2024 பெப்ரவரி 11

ரெண்டு நாளா இந்தப் பக்கம் வரல்ல. வந்து பாத்தா "அக்கா அழவெச்சிட்டீங்க", "எங்கட பேட்ச் சிங்கங்கள்", "கஸ்டத்துல படிச்சம் அதனால உறுதியானம்" எண்டெல்லாம். அந்தக் கடைசிக் கதையத்தான் எனக்குப் பிடிக்காது. உறுதியான ஆக்கள்தான் இஞ்ச எழுதுறீங்க. எழுதாத ஆக்கள் எங்க?

எங்கட வகுப்புல கணக்குல என்ன விட கெட்டிக்காரன் ஒருத்தன். சேர் கரும்பலகையில கேள்விய எழுதி முடிக்க முதல் விடை சொல்லுவான், அதுக்கு அடியும் வாங்குவான். வீட்ட பட்டன் போன் கூட ஒழுங்கா இல்ல, தகப்பன் கூலி, ஊரடங்கோட கூலியும் இல்ல. முதல் மாசம் பால்க்காரரோட ட்யூட் போச்சு, விடையும் வந்திச்சு. பிறகு ட்யூட் போச்சு, விடை வரல்ல. ஜூலை 6 ஸ்கூல் திறந்த அண்டைக்கு அவன்ட இடம் வெறுமை. மாமனோட மேசன் வேலைக்குப் போய்த்தான், அம்பாறைப் பக்கம். ஒருத்தரும் போய்க் கூப்பிடல்ல எண்டு சொல்லக்கூடாது, வகுப்பு டீச்சர் போனவ. "டீச்சர் நான் கையில எடுக்கிற காசுலதான் தங்கச்சிக்கு போன் வாங்கினது" எண்டானாம். அதுக்கு டீச்சர் என்ன சொல்ற.

தங்கச்சி படிச்சாள், அது நல்ல விசயம். பொட்டைப் பிள்ளைகள்லயும் போன ஆக்கள் உண்டு. அது வேற மாதிரி, ஸ்கூல் இல்லாத இடைக்குள்ள கலியாணம் பேசி முடிச்சிருவாங்க, வயசு ஆனாப் பிறகுதான் ஆக்களுக்குச் சொல்றது. அதப்பத்தி பேர் தெரிஞ்ச ஊர்ல நான் கனக்க எழுத ஏலாது.

2024 பெப்ரவரி 12

தம்பி உன்ட கேள்விக்கு நான் இன்னும் விடை சொல்லல்ல போல. ஆருக்கு நட்டம் எண்டு கேட்டாய்.

இதப்பத்தி என்ட எண்ணம் இந்த ஒரு கிழமையில கொஞ்சம் மாறிட்டு. நான் எங்கட பேட்ச்தான் அடிபட்ட பேட்ச் எண்டு நினைச்சுத்தான் வந்தன். நேத்து என்ட தம்பி எழுதினதப் பாத்தன். 2020ல முதலாம் ஆண்டு சேந்த பிள்ளை. ஜனவரில சேந்து மார்ச்ல வீட்ட வந்திட்டான். பென்சில் பிடிக்கிறது எப்பிடி எண்டே கையப் பிடிச்சு ஒருத்தரும் காட்டல்ல, அம்மா நெல்லுக் காயப்போடுறதா அவனப் பாக்கிறதா? ரெண்டாம் ஆண்டும் அப்பிடியே. இப்ப அஞ்சாம் ஆண்டு, செப்டம்பர்ல ஸ்கொலசிப். பென்சில இன்னும் கத்தி பிடிக்கிற மாதிரிப் பிடிச்சு அமத்தி அமத்தி எழுதுறான், பக்கத்தத் திருப்பினா மற்றப் பக்கம் தடவிப் பாத்தே வாசிக்கலாம். சொன்னா எல்லாம் சரியாச் சொல்றான், எழுதச் சொன்னா ள, ழ, ல எல்லாம் ஒண்டுதான் அவனுக்கு.

எங்களுக்கு பாடம்தான் போனது. பாடத்த ட்யூட்ல பிடிக்கலாம், நாங்க பிடிச்சம். வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளைக்குத்தான் ட்யூட் உதவும். அவனுக்கு பால் கானுக்குப் பின்னால எத அனுப்புற? எட்டாம் ஆண்டு நீ விட்டத எப்பிடியும் பிடிப்பாய், சமன்பாடு தட்டுதெண்டா கேள் சொல்லித்தாறன். ஆனா வரிசையில நீயும் இல்ல நானும் இல்ல, முன்னுக்கு நிக்கிறது இந்தச் சின்னதுகள்தான். அவங்க இஞ்ச வந்து கேள்வி கேக்க இன்னும் அஞ்சாறு வருசம் இருக்கு.

2024 பெப்ரவரி 12, இரவு

அந்த சமன்பாட்ட உண்மையாவே கேட்டுட்டான். ரெண்டு பக்கமும் ஒரே எண்ணால பெருக்கு தம்பி, ஒரு பக்கத்த மட்டும் பெருக்கினா அது சமன்பாடு இல்ல, வட்டிக்கடை.

2024 மார்ச் 2

ஒரு அக்கா கேட்டிருக்கிறா, 2020, 21ஐ மட்டும் ஏன் பேசுறீங்க, 2022 மறந்து போச்சா எண்டு. மறக்கல்ல. கொரோனா முடிஞ்சுது எண்டு மூச்சு விட்ட நேரம் மார்ச் கடைசியில பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் வெட்டு, மேல் மாகாணத்துல பேப்பர் இல்லாம தவணைச் சோதினையயே தள்ளிப்போட்டாங்க, ஜூன் ஜூலையில பெற்றோல் இல்லாம திருப்பியும் ஸ்கூல் பூட்டு. எங்கட கொமினிகேசன் அண்ணன் முதன்முதலா "ட்யூட் அடிக்க ஏலாது மகள், பேப்பர் விலை எனக்கே கட்டாது" எண்டார். நாங்க பழைய ட்யூட்டுக்குப் பின்பக்கத்துல அடிச்சம். இப்பயும் என்ட பொருளியல் நோட்ஸ்ஸ திருப்பினா பின்னால அமிலமும் காரமும்.

பொருளியலா, விஞ்ஞானம் எங்க போச்சு எண்டு கேக்க வேணாம், நானே சொல்றன். எங்கட பள்ளிக்கூடம் 1சி, ஏ.எல்ல கலையும் வர்த்தகமும்தான் இருக்கு. பயோ படிக்கிறதெண்டா 1ஏபி பள்ளிக்கூடத்துக்குப் போகோணும், வாவிக்கு அந்தப் பக்கம் எழுவான்கரைக்குப் போய் நிண்டு படிக்கோணும். ரிசல்ட் வந்தது 2021 செப்டம்பர் 23, நாடு ஊரடங்குக்குள்ள. விஞ்ஞானத்துக்கு பி. காணும்தான். ஆனா ஆர் கூட்டிக்கொண்டு போய் ஆரோட நிக்கவைக்கிற? அப்பா "நிலைமை சரியாகட்டும்" எண்டார். நிலைமை சரியாகின நேரம் நான் கலைப்பிரிவுல ஒரு தவணை முடிச்சிட்டன். அப்பாவக் குறை சொல்லல்ல. பொருளியலும் பிடிச்சுத்தான் இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போற நேரம் மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும்.

2024 மே 17

தம்பி ஓ.எல் முடிஞ்சு வந்து ஒரு வரி போட்டிருக்கிறான், "அக்கா சமன்பாடு வந்தது, ரெண்டு பக்கமும் பெருக்கினன்." கெட்டிக்காரன். இனி ஆருக்கு நட்டம் எண்டு கேக்காம போய் நித்திரை கொள்.

2024 ஜூன் 1

நேத்து ஏ.எல் ரிசல்ட். கேக்காதிங்க. கேட்ட ஆக்களுக்கு: பாஸ், இசட் ஸ்கோர் வெட்டுப்புள்ளி வந்தாத்தான் கம்பஸ் கதை. மருதமுனைக்காரி பயோ, அவள் நல்லாச் செய்திருக்கிறாள், ஒருநாள் வெள்ளைக் கோட்டோட வருவாள், அப்ப நான் கியூவுல நிக்காம உள்ளுக்குப் போவன்.

2024 செப்டம்பர் 19

என்ட தம்பி ஸ்கொலசிப் எழுதிட்டான், 15ம் திகதி. அதுலயும் மூணு கேள்வி முந்தியே வெளியாகிட்டு எண்டு நாடு முழுக்க சண்டை. இவனுக்கு அதப்பத்தி ஒரு கவலையும் இல்ல. "அக்கா வெளியான கேள்வியும் எனக்குத் தெரியா" எண்டு சிரிக்கிறான். ள, ழ இப்ப பரவால்ல. பென்சில் பிடிக்கிறது அப்பிடியேதான்.

2024 நவம்பர் 14

இந்தப் பக்கத்த ஆரும் இப்ப பாக்கிறீங்களோ தெரியா, ஆனா இத எங்க எழுதுறது எண்டும் தெரியல்ல.

மேல எழுதின கணக்குக்காரன், மேசன் வேலைக்குப் போனவன், போன ஞாயிறு வீட்ட வந்தான். மதில்ல சாஞ்சு நிண்டு கதைய எங்கெங்கயோ கொண்டுபோய் கடைசியில, வேலை செய்ற இடத்துல அவன சூப்பவைசராப் போட கேக்காங்களாம், ஆனா ஓ.எல் வேணுமாம். பிரைவேட்டா எழுதலாமா எண்டு கேட்டான். இருபது வயசு தாண்டிட்டே, சின்னப் பொடியன்களுக்குள்ள இருத்துவாங்களோ எண்டு வெக்கம் வேற. எழுதலாம்டா, பிரைவேட் ஆக்கள் எந்த வயசுலயும் எழுதலாம், வாற வருசம் மார்ச்ல சோதினை, இப்ப அப்ளிகேசன் திறந்துதான் கிடக்கு எண்டன். "எப்பிடி அப்ளை பண்ற?" எண்டான். ஒன்லைன்ல எண்டன். ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல அம்மா குசினிக்க இருந்து எட்டிப் பாத்தா.

கொமினிகேசன்லதான் போட்டம். சைட் ரெண்டு தரம் நிண்டு மூணாந்தரம் போச்சு. காசு குடுக்கப் போனா அண்ணன் கொப்பியத் திறந்து 2020 பக்கத்தக் காட்டி, முதல்ல இதக் கட்டு எண்டு நக்கல். அவன் உண்மையாவே எண்ணிக் குடுத்தான், அண்ணன் வாங்கல்ல, பிறகு ரெண்டு பேருக்கும் இழுபறி.

கணக்கு அவனுக்கு ஒரு மாசத்துல வந்திரும், மேசன் வேலையில இருக்கிற ஆளுக்கு பரப்பளவும் கன அளவும் நான் சொல்லிக்குடுக்கத் தேவையில்ல, நேத்து எனக்குத்தான் அவன் சொல்லித்தந்தான். வரலாறும் விஞ்ஞானமும்தான் ஒண்டும் இல்ல. ஓ.எல் முடிச்ச தம்பி, நீ இதப் பாத்தா உன்ட அந்த ரெண்டு கொப்பியையும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுராத. களுவாஞ்சிகுடிப் பக்கம் வாற ஆராவது இருந்தா குடுத்துவிடு, குருமண்வெளித் துறையில வந்து எடுக்கிறம். எழுத்து விளங்குற மாதிரி இருந்தாச் சரி.